ட்ரெண்டிங்கில் இருப்பதெல்லாம் காலில் ஏறாது

டிஸ்கி: கொஞ்சம் நீளமான புலம்பல். "காமர்ஸ் படிக்கிற பொண்ணுக்கு ஏஐ பத்தி என்ன தெரியும்" என்று கேட்க நினைக்கும் பொட்டி தட்டும் அண்ணன்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கவும். நடுவில் ஒரு கணக்கு வரும். அது எங்க ஏரியா :)

போன மாசம் எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு செமினார். வந்தவர் கோட்டு போட்டிருந்தார், வேலூர் வெய்யிலில்! பெரிய திரையில் ஒரு ஏஜென்ட்டைத் தட்டிவிட்டு, "இந்த வாரம் இந்தியாவில் காலணியில் என்ன ட்ரெண்ட்?" என்று கேட்டார். அது சமூக வலைத்தளங்களை எல்லாம் மேய்ந்துவிட்டு வந்து பத்து வரியில் பதில் சொன்னது. "இனிமே மார்க்கெட் சர்வே எல்லாம் வேஸ்ட் மக்களே, எது ட்ரெண்டோ அதைச் செய்யுங்க, வித்துரும்" என்றார். அரங்கமே கைதட்டியது. எனக்குக் கை வரவில்லை. ஆம்பூரில் எங்க மாமா ஷெட்டில் சுவரோரமாக மேற்கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்தப் பெட்டிகளுக்குக் காரணம் இதே மாதிரி ஒரு கருவி. அதைக் கொண்டுபோய் மாமாவுக்கு மாட்டிக் கொடுத்த அறிவாளி நான்தான்.

முதலில் இந்த வஸ்து என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாட்பாட் என்றால் கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். ஏஜென்ட் என்றால் அதுக்குக் கை கால் முளைத்த மாதிரி. தானே நாலு இடத்துக்குப் போய்த் தகவல் எடுக்கும், தானே முடிவு சொல்லும், விட்டால் தானே மெயிலும் அனுப்பும். ஆனால் உள்ளே இருக்கும் மொழி மாடலுக்கு இன்றைக்கு ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அது படித்து முடித்த தேதியோடு அதன் பொது அறிவு முடிந்தது. அதனால் வெளியிலிருந்து சேதி கொண்டுவந்து ஊட்டுவதற்குத் தனியாக ஒரு கருவி வேண்டும். 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் கம்பெனி எம்சிபி என்று ஒரு பொது இணைப்பு முறையை வெளியிட்டது. எந்த மாடலோடும் எந்தக் கருவியையும் ஒரே மாதிரி பின்னில் சொருகிக்கொள்ளலாம் என்பது அதன் சங்கதி. அதற்குப் பிறகு இந்தக் கருவிகள் ஈசல் மாதிரி கிளம்பின. காலண்டர் பார்க்க ஒன்று, மெயில் படிக்க ஒன்று. அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் ட்விட்டர் (இப்போ எக்ஸ்), ரெடிட், யூட்யூப் மாதிரி இடங்களில் என்ன ட்ரெண்ட் என்று எடுத்துத் தரும் கருவி.

கருவி என்ன தருகிறது? ஒரு பட்டியல். பேர், எத்தனை பேர் பேசினார்கள் என்கிற எண்ணிக்கை, எந்த ஊர், எந்த நேரம். முடிந்தது. ஏன் பேசினார்கள், திட்டினார்களா பாராட்டினார்களா, காசு கொடுத்து வாங்குவார்களா என்பதெல்லாம் அதில் கிடையாது. அதை மாடல் ஊகித்துக்கொள்ளும். ஊகித்ததை அழகான தமிழிலோ இங்கிலீஷிலோ தயக்கமே இல்லாமல் சொல்லும். வினை அங்கேதான்.

இப்போ கதைக்கு வருகிறேன்.

எங்க மாமா ஒரு பெரிய ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசர். அப்புறம் சொந்தமாக ஒரு சின்ன ஷெட். தையல் மிஷின் எட்டு, ஒரு ஸ்கைவிங் மிஷின், வேலைக்கு ஏழு பேர், அதில் ஐந்து பேர் அக்காமார்கள். பெரிய கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் வரும், அப்பர் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஜாப் ஒர்க். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் இந்த மாதிரி ஷெட் தெருவுக்குத் தெரு இருக்கும். வெளிநாட்டுக்காரன் காலில் ஏறும் ஷூவின் மேல்பாதி எங்க தெருவில் மோட்டார் சத்தத்தோடு உருவாகும். மாமாவுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை, சொந்தமாக ஒரு மாடல் செய்து சொந்தப் பேரில் விற்க வேண்டும் என்று.

2025 ஜூன் 22. மிலானில் ப்ராடா கம்பெனியின் ஆண்கள் ஃபேஷன் ஷோ. அதில் மாடல்கள் போட்டு நடந்த செருப்பு அச்சு அசல் கோலாப்பூரி. கோலாப்பூரி செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கொடுத்தாயிற்று, மகாராஷ்டிராவில் நாலு மாவட்டம், கர்நாடகாவில் நாலு மாவட்டம் சேர்த்து. ப்ராடாவோ வெறும் தோல் செருப்பு என்று போட்டுவிட்டது, கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. நாடே கொதித்தது. திருட்டு என்றார்கள், காலனி ஆதிக்கம் என்றார்கள், மீம் போட்டார்கள். கடைசியில் ப்ராடா, இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டது.

ஜூலை முதல் வாரம் நான் மாமா லேப்டாப்பில் அந்தக் கருவியை மாட்டினேன். மாசச் சந்தா, முதல் மாசம் பாதி விலை. விற்ற கம்பெனி பேரை விடுங்கள். "எங்கள் பகுதியில் சிறு தொழிற்சாலை என்ன காலணி செய்தால் விற்கும்?" என்று கேட்டோம். ரெண்டு நிமிஷத்தில் ரிப்போர்ட். எத்னிக் ஃப்ளாட் சாண்டல், டேன் கலர், ஆர்வம் அதிவேக உயர்வு, நம்பகத்தன்மை 87%, பரிந்துரை: உடனடி உற்பத்தி. கூடவே மேலே ஏறும் கோடு போட்ட படம் வேறு.

மாமா படித்துவிட்டு, "இது நம்ம வேலை இல்ல பாப்பா" என்றார். அந்த மனுஷன் சொன்னதுதான் சரி. கோலாப்பூரி என்பது காய், பட்டை வைத்துப் பதனிட்ட தடித் தோலில், கையால், தோல் வாராலேயே தைத்து எடுக்கிற தலைமுறைத் தொழில். எங்க பக்கம் பெரும்பாலும் குரோம் போட்டுப் பதனிட்ட மெல்லிய தோல், மிஷின் தையல், மூடிய ஷூ. ரெண்டுக்கும் பேர்தான் தோல் வேலை. நான் விடவில்லை. "87 பர்சென்ட் மாமா!" என்றேன். அந்தப் பேரைப் போட முடியாது என்பதால் 'எத்னிக்' என்று லேபிள் அடித்தோம். டை செய்ய ஒரு வாரம், சாம்பிள் ரெண்டு தடவை சரியில்லை, சோல் வர பதினைந்து நாள். 400 ஜோடி பெட்டியில் ஏறும்போது செப்டம்பர் நடுவாகிவிட்டது.

கணக்கு சொல்கிறேன் என்றேன் அல்லவா. ஜோடிக்குத் தோல் 130 ரூபாய், சோல் 70, லைனிங் பசை நூல் எல்லாம் 35, கூலி 65, பெட்டி 20, டையும் சாம்பிளும் பிரித்துப் போட்டால் 20. மொத்தம் 340. 400 ஜோடிக்கு 1,36,000 ரூபாய். ஆன்லைனில் 450 வீதம் விற்றது 90 ஜோடி, 40,500. ஷெட்டில் மாசக்கணக்கில் கிடந்துவிட்டுப் போன வாரம்தான் ஒரு வியாபாரி வந்து மீதி 310 ஜோடியை 120 வீதம் அள்ளிக்கொண்டு போனார், 37,200. வந்தது 77,700. நட்டம் 58,300. கருவியின் சந்தாவை இதில் சேர்க்கவில்லை, வெட்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டில் தப்பு எங்கே? டேட்டா பொய் இல்லை. கோலாப்பூரி அந்த வாரம் நிஜமாகவே எகிறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பேசியவர்களில் பெரும்பாலோர் செருப்பு வாங்க அலைந்தவர்கள் இல்லை, ப்ராடாவைச் செருப்பால் அடிக்கத் துடித்தவர்கள்! கருவிக்கு ரெண்டும் ஒரே எண்ணிக்கைதான். ஒரு லட்சம் பேர் கோபத்தில் ஒரு பொருளின் பேரைச் சொன்னாலும் கோடு மேலே போகும், ஒரு லட்சம் பேர் ஆசையில் சொன்னாலும் போகும்.

பதினொன்றாம் வகுப்பு பொருளாதாரப் புத்தகத்திலேயே இருக்கிறது: தேவை என்றால் வெறும் ஆசை இல்லை, வாங்கும் சக்தியும் வாங்கும் விருப்பமும் சேர வேண்டும் என்று. ட்ரெண்டில் ஆசைகூடக் கிடையாது, வெறும் பேச்சு. பேச்சைத் தேவை என்று பேர் மாற்றி விற்கிறார்கள், நாமும் டிகிரிக்குப் படித்துக்கொண்டே அதற்குக் கைதட்டுகிறோம்.

2019 மே 29 ஞாபகம் இருக்கிறதா? ஃபேஸ்புக்கில் ஒரு சிவில் இன்ஜினியரிங் பக்கத்தில் ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்டார்கள். நம்மாள் ஒருத்தர், சுத்தியல், இது தலையில் விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்று அளந்துவிட்டார். 2001-இல் வந்த ஃப்ரெண்ட்ஸ் படத்து வடிவேலு! ராத்திரிக்குள் நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்ட். மறுநாள் டெல்லியில் பிரதமர் பதவியேற்பு, ட்விட்டரில் அதோடு போட்டி போட்டுக்கொண்டு இங்கே நேசமணி. அன்றைக்கு இந்த ஏஜென்ட் இருந்திருந்தால் சாய்பாபா காலனி ஹார்டுவேர் கடைக்காரருக்கு என்ன ரிப்போர்ட் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'சுத்தியல்: ஆர்வம் அதிவேக உயர்வு. உடனடி கொள்முதல்.' சிரிப்பு வருதில்ல? எனக்கும் வந்திருக்கும், 400 ஜோடி போடாமல் இருந்திருந்தால்.

அடுத்த சங்கதி. ட்ரெண்ட் என்பது அளவு இல்லை, வேகம். ட்விட்டரே பல தடவை விளக்கிவிட்டது: ரொம்ப நாளாகப் பேசப்படும் விஷயம் ட்ரெண்டில் வராது, திடீரென்று எகிறுவதுதான் வரும். 2010-இல் விக்கிலீக்ஸ் ஏன் பட்டியலில் இல்லை என்று சண்டை வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். தினமும் நிதானமாக விற்கும் பொருளைக் காட்டவே கூடாது என்பது அந்த இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கூகுள் ட்ரெண்ட்ஸும் அப்படித்தான், அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் தேடல்களின் எண்ணிக்கை இல்லை, உச்சத்தோடு ஒப்பிட்ட விகிதம். 100 என்றால் நூறு பேர் என்றோ நூறு லட்சம் என்றோ அர்த்தம் கிடையாது. 0 என்றால் யாரும் தேடவில்லை என்பதும் இல்லை, கணக்கில் வரும் அளவுக்குத் தேடல் இல்லை என்பதுதான். சின்ன ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த 0-க்குள் அடக்கம்.

ஊர் என்றதும் இன்னொன்று. நான் கேட்டது "எங்கள் பகுதியில்" என்று. ட்விட்டர் பல வருஷமாகப் புரோகிராமர்களுக்குக் கொடுத்துவந்த ஊர்ப்பட்டியலில் இந்தியாவுக்கு இருபது சொச்சம் நகரம், தமிழ்நாட்டுக்குச் சென்னை ஒன்றுதான். வேலூர் கிடையாது, ஆம்பூர் கிடையாது. ஆக 'எங்கள் பகுதி' என்று அது சொன்னது சென்னையையோ மொத்த இந்தியாவையோதான். அதை ஒரு வரி சொல்லியிருக்கலாமே! சொல்லாது. கருவி 'இந்தியா' என்று கொடுக்கும், மாடல் அதை 'உங்கள் பகுதி' என்று பாலிஷ் போட்டுத் தரும். ஆம்பூர் என்று போட்டுக் கேட்டால் பிரியாணி வந்தது, அப்புறம் பிரியாணி வந்தது, அப்புறம் பிரியாணிக் கடை வந்தது. ஷூ எங்கேயும் காணோம். இத்தனை ஆயிரம் பேர் ஷூ தைக்கும் ஊர் அந்தப் பொட்டிக்கு ஒரு சாப்பாட்டு அயிட்டம்.

'உலகக் காலணி ட்ரெண்ட்' என்று ரிப்போர்ட்டில் ஒரு பகுதி இருந்தது. பிறகுதான் பார்த்தேன், அதில் முக்கால்வாசி டிக்டாக்கிலிருந்து எடுத்தது. டிக்டாக்கை 2020 ஜூன் 29-ஆம் தேதி நம்ம நாட்டில் தடை செய்தாயிற்று. இந்தியன் ஒருத்தன்கூட இல்லாத கூட்டத்தில் எடுத்த வாக்கெடுப்பை வைத்து இந்தியாவில் செருப்பு விற்கச் சொல்கிறது. நம்ம ஊர்ச் சனம் செருப்பைப் பற்றி எங்கே பேசும்? வாட்ஸப்பில். கல்யாணத்துக்கு வாங்கியதை ஸ்டேட்டஸில் போடும், ரம்ஜானுக்குப் பசங்களுக்கு எங்கே நல்லா இருக்கு என்று ஃபேமிலி குரூப்பில் கேட்கும். அது பூட்டின பெட்டி, எந்தக் கருவியும் உள்ளே போக முடியாது (போகவும் கூடாது). திறந்திருந்த வாசல்களும் மூடிக்கொண்டே வருகின்றன. ட்விட்டர் 2023-இல் இலவசமாகத் தகவல் கொடுப்பதை நிறுத்திக் காசு கேட்டது. ரெடிட்டும் அதே வருஷம். மெட்டா, ஆய்வாளர்கள் பயன்படுத்திவந்த க்ரவுட்டேங்கிளை 2024 ஆகஸ்டில் இழுத்து மூடியது. காசு கட்ட முடியாத சின்னக் கருவிகள் வெளியே சிந்தியதைப் பொறுக்கி வந்து 'ரியல் டைம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுகின்றன.

சிந்தியதும் சுத்தமா? தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரதமர் இந்தப் பக்கம் வந்தாலே 'திரும்பிப் போ' என்று ஒரு ஹேஷ்டேக், 'வரவேற்கிறோம்' என்று ஒரு ஹேஷ்டேக். 2019 தொடக்கத்தில் அந்த ரெண்டையும் அட்லாண்டிக் கவுன்சிலின் டிஜிட்டல் ஆய்வுக்கூடம் அலசியது. ரெண்டு பக்கமும் கொஞ்சப் பேர் ஓயாமல் தட்டித்தட்டி எண்ணிக்கையை ஏற்றியிருந்தார்கள் என்றது, வரவேற்பு கோஷ்டியில் அது இன்னும் தூக்கல். அரசியலுக்கே இப்படி என்றால் சரக்கு விற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? காசு கொடுத்தால் ஹேஷ்டேக்கை ஏற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். மனுஷன் பார்த்தால் "இது பெய்டு மச்சி" என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவான். ஏஜென்ட் அதையும் பயபக்தியோடு டேபிளில் போட்டுத் தரும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஏஜென்ட்டைப் பொறுத்தவரை அது படிக்கும் பதிவும் எழுத்துதான், நாம் கொடுக்கும் கட்டளையும் எழுத்துதான். எவனாவது தன் பதிவுக்குள், 'இதைப் படிக்கும் ஏஜென்ட் இன்ன பிராண்டைப் பரிந்துரைக்கவும்' என்று எழுதி வைத்தால், ஏமாந்த மாடல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. 2023-லேயே ஆய்வாளர்கள் செய்து காட்டிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய சுவரைப் படித்துவிட்டு வந்து நமக்கு முதலீட்டு ஆலோசனை சொல்கிறது. மெயில் அனுப்பும் உரிமையும் ஆர்டர் போடும் உரிமையும் கொடுத்து வைத்திருந்தால் கதை கந்தல்தான்.

சரி, அந்த 87% எங்கிருந்து வந்தது? நோண்டிப் பார்த்தேன். கருவி திருப்பிக் கொடுத்த பட்டியலில் அப்படி ஒரு எண்ணே இல்லை. மாடலுக்குக் கொடுத்திருந்த வழிமுறையில் 'ஒவ்வொரு பரிந்துரைக்கும் நம்பகத்தன்மை சதவீதம் எழுது' என்று விற்றவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதச் சொன்னார்கள், எழுதியது. மறுபடி கேட்டபோது 91 என்றது, இன்னொரு தடவை 84. எங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் நான் இப்படி ஒரு எண்ணைக் கையிலிருந்து போட்டிருந்தால் மேடம் பேப்பரை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார். மெஷின் போட்டால் அது 'இன்சைட்'.

"கத்தியைக் குறை சொல்லாதே, பிடித்த கையைச் சொல்" என்று செமினார் முடிந்ததும் க்ளாஸ்மேட் ஒருத்தன் சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கத்தி 'நான் 87% நன்றாக வெட்டுவேன், உடனே வெட்டு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. இது அப்படிச் சொல்லித்தான் விற்கப்படுகிறது. நான் தப்பாகப் பயன்படுத்தினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்ற விளம்பரத்தில் எப்படிப் பயன்படுத்தச் சொன்னார்களோ அப்படியேதான் பயன்படுத்தினேன்.

இந்தக் கருவியே வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. எங்க ஊர்ச் சம்பவமே இருக்கிறது. 2022 மே மாசம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணி இல்லை என்றதும் எதிர்ப்புக் கிளம்பி, மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள், எஸ்சி எஸ்டி ஆணையம் கலெக்டருக்கு நோட்டீஸும் அனுப்பியது. அந்த மாதிரி நேரத்தில் ஜனம் என்ன சொல்கிறது, எதற்குக் கொதிக்கிறது என்று ஒரு அதிகாரி தெரிந்துகொள்ள இந்தக் கருவி உதவும். கோபத்தை அளக்கட்டும். பத்திரிகைக்காரர் பயன்படுத்தட்டும். டை வெட்டவும் தோல் வாங்கவும் இதைக் கேட்கச் சொல்வதுதான் அயோக்கியத்தனம்.

ஏனென்றால் எங்க தொழிலை மாற்றியது எதுவும் ஒரே ராத்திரியில் எகிறியது இல்லை. 1970-களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, பினிஷ் பண்ணிய தோலாக, அப்பராக, ஷூவாகச் செய்து அனுப்புங்கள் என்றது. டேனரி ஊர் ஷூ ஊரானது அப்படித்தான், வருஷக்கணக்கில். 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட், பாலாற்றைக் கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்றது. கழிவுநீரைச் சுத்தம் பண்ணாமல் டேனரி நடத்த முடியாது என்று ஆனது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே பாலாறு, அதே டேனரி விவகாரத்தில் மறுபடி ஒரு தீர்ப்பு வந்தது. முப்பது வருஷமாகிறது, ஆறு இன்னும் கோர்ட்டில்தான் நிற்கிறது. இந்தப் பக்கம் பார்த்தால் உலகம் பூரா கால்கள் தோல் ஷூவிலிருந்து ஸ்னீக்கருக்கு மாறிக்கொண்டே வந்தன. 2022-இல் தமிழ்நாடு அரசு காலணிக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது, ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவான்காரர்களின் தோல் அல்லாத ஷூ தொழிற்சாலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டினார்கள். எங்க தொழிலுக்கு இதைவிடப் பெரிய ட்ரெண்ட் இல்லை. ஆனால் இது எந்த ஒரு நாளிலும் எகிறவில்லையே, அதனால் எந்தப் பட்டியலிலும் முதல் பத்தில் வந்திருக்காது.

ப்ராடா கதையின் மீதியையும் கேளுங்கள். அந்தக் கம்பெனி ஹேஷ்டேக் பார்த்துச் செருப்பு செய்யவில்லை. ஆள் அனுப்பிக் கைவினைஞர்களைப் பார்த்தது, மாசக்கணக்கில் பேசியது, 2025 டிசம்பரில் மகாராஷ்டிரா, கர்நாடகாவின் அரசுத் தோல் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது. சுமார் 2,000 ஜோடி, ஜோடி சுமார் 800 யூரோ. கோடிக்கணக்கில் புழங்குகிறவன் ரெண்டாயிரம் ஜோடிக்கு ஆறு மாசம் யோசிக்கிறான். நாங்கள் ரெண்டு நிமிஷத்தில் நானூறு.

செப்டம்பரில் பெட்டிகளில் பத்தைத் தூக்கிக்கொண்டு ஹைவே ஓரத்து எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்கார பாய் ஒரு செருப்பை எடுத்து வளைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். "மழ ஆரம்பிச்சிருச்சும்மா, இனிமே தோல் செருப்பு யார் கேப்பா? தண்ணி பட்டா ஊறிடும். அதுவுமில்லாம நம்ம பக்கம் காலு அகலம், இது ஒல்லிக் காலுக்குப் போட்டிருக்க" என்றார். ரெண்டு வாக்கியம். சந்தா கிடையாது. ஜூலையிலேயே அவரிடம் போயிருந்தால் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருப்பார்.

நடுவில் 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது. மாமாவுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனிக்கு அமெரிக்க ஆர்டர் நின்றது, எங்க ஷெட்டுக்கு வரும் அப்பர் பாதியானது. அதற்கு ஏஜென்ட் பொறுப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் கையில் இருந்திருக்க வேண்டிய ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் டேன் கலரில் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது. அக்காமார்களுக்கு மூணு வாரம் வேலை இல்லை. பீஸ் ரேட்டுக்காரர்களுக்கு வேலை இல்லை என்றால் சம்பளம் இல்லை. அக்டோபர் 20 தீபாவளிக்கு ஆளுக்கு ஐயாயிரம் கொடுப்பதாக மாமா சொல்லியிருந்தார், ரெண்டாயிரத்து ஐநூறுதான் கொடுக்க முடிந்தது. யாரும் சண்டை போடவில்லை. அதில் ஒரு அக்கா என்னிடம், "அந்தக் கம்ப்யூட்டர் சொன்னதுன்னியே, அது சரியாத்தான் சொல்லியிருக்கும், நாமதான் சரியாத் தைக்கலியோ என்னவோ" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினைந்து வருஷம் தைத்த கை, ஒரு எண்ணைப் பார்த்துத் தன்னைச் சந்தேகப்படுகிறது.

ரிப்போர்ட் தப்பானால் விற்றவர்களுக்குச் சந்தா நிற்காது, மாடலுக்குத் தூக்கம் கெடாது, எனக்குக்கூட ப்ராஜெக்ட் வைவாவில் பத்து மார்க் போகும். இவர்களுக்குத்தான் தீபாவளி போனது. செமினாரில் இதைத்தான் எழுந்து கேட்டேன், "சார், தப்பானா நட்டம் யாருக்கு?" என்று. "குட் கொஸ்டின், ஏஐ இஸ் எவால்விங்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

சந்தாவை நவம்பரிலேயே நிறுத்திவிட்டேன். மாமா இப்போது உள்ளூர் வியாபாரி ஒருத்தருக்குக் கருப்பு ஸ்கூல் ஷூ தைக்கிறார். ஒவ்வொரு ஜூனும் பள்ளிக்கூடம் திறக்கும், ஒவ்வொரு ஜூனும் பசங்க கால் ஒரு நம்பர் வளர்ந்திருக்கும். முதல் லாட் 600 ஜோடிக்குப் பாதிப் பணம் அட்வான்ஸாகவே வந்துவிட்டது. அகலமான லாஸ்ட்டில்தான் போடச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை லீவு, சைஸ் ஸ்டிக்கர் ஒட்ட என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.